படத்தில் இல்லாத வீடு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நான் சுகம். வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. உன் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? இஸ்திரிப் பெட்டியை இடது கையால் பிடித்துப் பழகச் சொன்னாரே டாக்டர், பழகினாயா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், கடிதமே மேல் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதோடு ஒரு நீளமான அட்டைக் குழாய் வரும். தபாலில் போட்டால் மடித்துத் தொலைப்பார்கள் என்று பதினொன்றாம் எண் டிராமின் கண்டக்டர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது நான் வரைந்த சுவரொட்டி. டிராம் கம்பெனி விளம்பரப் பிரிவில் ஒன்பது வருடமாக நேர அட்டவணைக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக வேலை என்று சொல்லத்தக்க ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு தடத்துக்குப் பன்னிரண்டு சுவரொட்டி. விடுமுறை நாட்களில் வண்டிகள் காலியாக ஓடுகின்றன. ஜனங்களை ஏற்றி, அவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத பேட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் எண்பது வருடத்துக்கு முந்தைய பாணியில். நாலே நாலு மை, தட்டையான நிறங்கள், தடித்த எழுத்து, முகம் வரையாத மனிதர்கள். தாள்கூடப் புதிதுதான், பார்வைக்குத்தான் பழுப்பு.

பதினொன்றாம் தடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் பேட்டையை என்னைப் போல் யாருக்குத் தெரியும்? கீழே உள்ள வாசகமும் என்னுடையதுதான். "பதினொன்றில் ஏறுங்கள். கடைசி வரை வாருங்கள்."

கடையில் நாலு பேர் பார்க்கிற இடமாக மாட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் குழாயும் வந்து சேர்ந்தன. மணிக்கட்டு வலிக்கிறது. இடது கையால் தேய்த்துப் பார்த்தேன், வாத்தியார் சட்டைக் காலரில் இரண்டு மடிப்பு விழுந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். உன் வயிறு அடங்கியதில் சந்தோஷம். உன் வாயும் அடங்கியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

படத்தைப் பார்த்தேன். துணி கொடுக்க வந்த நாலு பேரும் கூட நின்று பார்த்தார்கள். நான் இங்கே நாள் முழுக்கப் பழுப்பை எடுக்கத் தேய்த்துச் சாகிறேன். உங்கள் ஆபீஸில் புதுத்தாளுக்குக் காசு கொடுத்துப் பழுப்பு ஏற்றுகிறார்களா? முன்னமே சொல்லியிருந்தால் மூட்டையாகக் கட்டி அனுப்பியிருப்பேனே.

பின்னால் பச்சையாக ஒரு குன்று நிற்கிறது. தண்டவாளம் போட்டபோது மிஞ்சிய சரளைக்கல் மேடு அது. அதில் நீ முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து அழுதிருக்கிறாய். தெருவில் தொப்பி வைத்த நாலு பெண்மணிகள் நடக்கிறார்கள். இந்தத் தெருவில் தொப்பி வைத்த ஒரே ஆள் கண்டக்டர். பெண்மணிகளுக்கு முகமும் இல்லை, இருந்தால் எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டிருப்பேன்.

சரி, அதெல்லாம் போகட்டும். டிராம் திரும்பும் வளைவில், சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், மஞ்சளாக ஒரு சரிவும் ஒரு மரமும் போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் நம் வீடு இருக்கிறது. முன்னறையில் இஸ்திரிக் கடை, பின்னறையில் நான், வெளியே கொடியில் ஊரார் துணி. நீ பதினெட்டு வருஷம் சாப்பிட்டுத் தூங்கிய வீடு. "அது என்ன மரம்?" என்று தையல்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல். வீடு எங்கே?

அப்புறம் அந்த வாசகம். இங்கிருந்து உன் அறைக்கு டிராமில் ஒரு மணி பத்து நிமிஷம். ஆறு வருஷமாக அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தைக் கடக்க முடியாதவன் ஊரையே கடைசி வரை வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். தையல்காரர் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிச் சிரித்தார்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். வேலை அதிகம் என்பதால் வயிறு கொஞ்சம் முணுமுணுக்கிறது. மணிக்கட்டுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

நீ கோபமாக எழுதியிருக்கிறாய். புரிகிறது. ஆனால் படம் வேறு, வீட்டுப் பத்திரம் வேறு. பார்ப்பவன் கண் தண்டவாளத்தின் வளைவைப் பிடித்துக்கொண்டு குன்று வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் ஒரு வீட்டை வைத்தால் கண் அங்கேயே முட்டி நின்றுவிடும். கொடியில் தொங்கும் துணிகளுக்கு மட்டுமே இன்னும் மூன்று மை வேண்டும், எங்களிடம் இருப்பதோ நாலு. கலை என்றால் விட்டுவிடத் தெரிய வேண்டும் அக்கா. நீ தேய்ப்பதற்கு முன் சட்டைப் பையில் இருப்பதை எடுத்து வெளியே வைப்பதில்லையா? அது மாதிரிதான்.

அந்த வெற்றிடத்தை எங்கள் மேலதிகாரி "மூச்சு விடுகிற இடம்" என்றார். பன்னிரண்டில் என் படத்துக்குத்தான் முதல் பரிசு. மூலப்படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதன்முன் நின்று பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள்.

மரம் குறிப்பாக எந்த மரமும் இல்லை. பொதுவாக ஒரு மரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டிக்காரிக்குச் சூட்டைப் பற்றி வைத்தியம் சொல்ல உன்னால்தான் முடியும். நீ எப்படி இருக்கிறாய்? பரிசு வாங்கியவனுக்கு ஒரு குறையும் இருக்காது.

சட்டைப் பையில் இருப்பதை நான் எடுத்து வைப்பது உண்மை. துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கொடுத்துவிடுவேன். நீ எடுத்ததை எங்கே வைத்திருக்கிறாய்?

உன் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். விடுமுறை நாட்களில் ஒவ்வொரு டிராமிலிருந்தும் முப்பது நாற்பது பேர் இறங்குகிறார்கள். கையில் உன் படத்தைச் சின்னதாக அச்சடித்த அட்டை. அட்டையைப் பார்க்கிறார்கள், தெருவைப் பார்க்கிறார்கள், மறுபடி அட்டையைப் பார்க்கிறார்கள். கடைக்காரன் அழுகல் காயை ஏமாற்றி விற்றுவிட்ட மாதிரி முகம். நேற்று வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் என் வாசலுக்கு வந்தார்.

"இந்த எடத்துல ஒரு மரம் இருக்கணுமே?"

"வெட்டி அடுப்புல வெச்சுத்தான் பெட்டிக்குக் கரி போட்டேன்" என்றேன்.

நம்பிவிட்டார். அட்டையிலேயே குறித்துக்கொண்டார். அவர் மனைவி அவ்வளவு சாது இல்லை. "கொஞ்சம் அந்தத் துணியெல்லாம் எடுத்துடறீங்களா, போட்டோவுல விழுது" என்றாள். கொடியில் இருந்தது டிராம் டிரைவர்களின் சட்டைகள். "உங்களைக் கூட்டிட்டு வந்தவன் சட்டைதாம்மா அது. எடுத்துட்டா அவன் வெறும் உடம்போடதான் உங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடணும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வந்தவர்களில் ஒருத்தர்கூடச் சைக்கிள் கடையில் ஒரு வால்வு வாங்கவில்லை. ஆனால் எல்லாரும் புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள், தெரு படத்தைப் போல் இல்லை என்று. ஏமாற்றிவிட்டார்களாம். போன வாரம் நகரசபையிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். ஒரு கையில் உன் அட்டை, இன்னொரு கையில் நாடா. ஒவ்வொரு வீட்டையும் அட்டையில் தேடி அளந்தார். என் வாசலில் வந்து வெகுநேரம் நின்றார். நாடாவை நீட்டவே இல்லை.

ஏன் அளக்கவில்லை என்று கேட்டதற்கு, "எதோட ஒப்பிட்டு அளக்கறது?" என்றார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 22

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. நான் இருக்கிறேன். உன் உடம்பும் தேவலை என்று வைத்துக்கொள்கிறேன்.

நோட்டீஸ் வந்துவிட்டது. தலைப்பு: "சுவரொட்டியில் கண்டவாறு தெருவை ஒழுங்கு செய்தல்." சிரிக்காதே, அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. சைக்கிள் கடைப் பலகையைத் தடித்த எழுத்தில் மாற்ற வேண்டும். மருந்துக் கடைச் சுவருக்குச் செங்கல் நிறம் பூச வேண்டும். சரளைக்கல் மேட்டில் புல் வளர்ப்பார்களாம். கல்லில் புல். கடைசி வரியில் நம் கதவு எண்ணைப் போட்டு, "படத்தில் இல்லாத கட்டடம். அகற்றி, சரிவும் மரமும் அமைக்கப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள். என்ன மரம் என்று அவர்களும் எழுதவில்லை.

ஜூன் 26 விசாரணை. அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன். "உயிரோடு ஒரு பெண்பிள்ளை உள்ளே இருக்கிறாள்" என்று எழுதினேன். அளவு நாடாக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "இது போதாதும்மா. வரைஞ்சவர் ஒரு வரி எழுதிக் குடுத்தா பார்ப்பாங்க" என்றார்.

கேட்டுக்கொள். ஒரே ஒரு வரி. "அந்த இடத்தில் வீடு இருக்கிறது, படத்தில் நான்தான் விட்டுவிட்டேன்." கட்டம் போட்டுக்கொண்டிருந்த கைக்கு ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? இதற்கு முன் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இனி கேட்கவும் போவதில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே திடீரென்று வெயில் ஏறிவிட்டது. புதிதாக ஒரு மேசை விசிறி வாங்கியிருக்கிறேன். சத்தம் போடாமல் சுற்றுகிறது.

நோட்டீஸ் விஷயம் படித்து வருத்தப்பட்டேன். யாரும் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. ஆனால் நிதானமாக யோசித்தால், இது ஒரு விதத்தில் உனக்கு நல்லதாகவும் முடியலாம். புது வணிக வளாகத்தில் கடை ஒதுக்குவார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அங்கே மின்சாரப் பெட்டி இருக்கும், கரி தூக்க வேண்டாம். உன் மணிக்கட்டுக்கும் அதுதான் நல்லது. நாற்பத்தேழு வயதில் இன்னும் எத்தனை நாள் மூட்டை சுமப்பாய்?

நான் எழுதிக் கொடுப்பது பற்றி. நான் கம்பெனி ஊழியன். கம்பெனி வெளியிட்ட படத்தைப் பற்றித் தனிப்பட்ட முறையில் நகரசபைக்கு எழுதுவது முறையில்லை. படத்தில் தவறு இருக்கிறது என்று வரைந்தவனே சொன்னால் பரிசு கொடுத்தவர்கள் முகம் என்ன ஆகும்? நீ என் நிலையையும் பார்க்க வேண்டும். உண்மையில் நான்

(இங்கே இரண்டு வரிகள் மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கின்றன.)

வேறு விசேஷம் இல்லை. தையல்காரரை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறதா? சந்தோஷம். வீட்டில் சத்தமில்லாமல் இருக்க அதற்காவது தெரிந்திருக்கிறது. நானும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என் தலைமேல் இருக்கும் கூரையைப் பிரிக்க நாள் குறித்திருக்கிறார்கள், மற்றபடி நலம்.

வழவழா கொழகொழா என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவ்வளவு பூசி மெழுகத் தெரிந்தவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கலாம். என் மணிக்கட்டை உன் சப்பைக்கட்டுக்கு இழுக்காதே. பரிசு கொடுத்தவர்கள் முகம் என்ன ஆகும் என்று கேட்கிறாய். உன் படங்களில் யாருக்குடா முகம் இருக்கிறது?

அடித்த இரண்டு வரியையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். துணியில் எந்தக் கறைக்கு அடியில் எந்தக் கறை என்று பார்த்தே பிழைக்கிறவள் நான். ஒரு சொல்தான் பிடிபட்டது. "முதலில்." முதலில் என்ன? அதையாவது எழுது.

நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததும் நானே வேலையில் இறங்கிவிட்டேன். மூட்டை கட்டும் பழுப்புத் தாளில் நம் வீட்டை வெட்டினேன். கதவுக்கு நீலத்துண்டு. கொடிக்கு நூல். டிராம் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் உன் சுவரொட்டியில், அந்த மரத்தின் மேலேயே, காலர் கஞ்சியால் ஒட்டிவிட்டேன். உன் தாளின் பழுப்பும் மூட்டைத்தாளின் பழுப்பும் அச்சாக ஒன்றாக இருக்கின்றன. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? கண்டக்டர் பார்த்தார். "அக்கா, எனக்கும் ஏழு வெட்டிக் குடுங்க" என்று வாங்கிப்போய் வழியில் உன் சுவரொட்டி இருக்கும் ஏழு நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டார். அவருக்கும் உங்கள் ஆபீஸைக் கண்டால் ஆகாது.

இப்போது வருகிறவர்கள் என் கடையைப் பார்த்ததும், "இதோ இருக்கு, இதோ இருக்கு" என்று கூவிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். துணியை எடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்பதில்லை. காகிதத்தில் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் ஜன்மங்கள்.

அக்கா


மே 25

தம்பிக்கு,

ஐந்து வாரமாகிறது. வயிறு சரியில்லையோ என்று முதல் வாரம் நினைத்தேன். உன் அறைக்கு எதிரில் நீ டீ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். ஆகையால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே விஷயம் முற்றிவிட்டது. அளவு நாடாக்காரர் மறுபடி வந்தார். நிறுத்தத்துப் படத்தில் வீடு இருக்கிறது. கையில் இருக்கும் அட்டையில் இல்லை. மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார். விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் ஒட்டியது தெரிந்திருக்கும். ஆனால் சுவரொட்டியைத் தொட்டால் தண்டனை என்று அவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதனால் தொடவில்லை. "ரெண்டுல எது சரின்னு தெரியலையே" என்று புலம்பிவிட்டு, வரைந்தவரையே கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். விசாரணைக்கு மூலப்படம் வர வேண்டுமாம். அந்தக் கடிதம் இந்நேரம் உன் மேசையில் இருக்கும்.

எனக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம், நான் வெறும் அக்கா. அவருக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். வீடு இல்லை என்று எழுதுவாய். எனக்குத் தெரியும். சின்ன வயதில் துணி கொடுக்க என்னோடு வரும்போது எப்போதுமே பத்தடி பின்னால்தான் வருவாய். மூட்டை உன் தலையில் இருக்கும், ஆனால் நீ என் தம்பி என்று எதிரில் வருகிறவனுக்குத் தெரியக்கூடாது. நான் திரும்பிப் பார்த்தால் நின்று செருப்பைச் சரிசெய்வாய். உன் செருப்பில் ஒருநாளும் ஒரு கோளாறும் இருந்ததில்லை. அப்போதே நான் ஒன்றும் சொல்லாமல் விட்டது தப்பு. கோழை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் உறைத்திருக்கும். இப்போது சொல்கிறேன்.

எழுதுவதை அழகான எழுத்தில் எழுது. அது ஒன்றுதான் உனக்கு வரும்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

மூலப்படத்தை நேற்று விசாரணை அதிகாரிக்கே நேரில் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கியிருக்கிறேன்.

முதலில் என்ன என்று கேட்டாய். முதலில் வீட்டை வரைந்தேன். முதலில் வரைந்ததே அதைத்தான், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வந்தது. மேலதிகாரி பார்த்தார். "டிராம் ஏறி வர்றவன் ஊரான் அழுக்குத்துணியப் பாக்கவா வர்றான்? அதை எடுத்துட்டு ஏதாவது மரம் போடுங்க" என்றார். அது என் வீடு என்று நான் சொல்லவில்லை. சரி சார் என்றேன். கடுகு மஞ்சளைக் குழைத்துக் கால்மணி நேரத்தில் மூடிவிட்டேன். கண் வழுக்கிப் போவது, முட்டி நிற்பது என்று எழுதியதெல்லாம் உனக்காகப் பிற்பாடு இட்டுக்கட்டியது.

போன வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சட்டத்திலிருந்து படத்தை எடுத்தேன். மேலே பூசிய மஞ்சள் தண்ணீரில் கரையும். கீழே இருந்தது கரையாத மை. தேய்க்காதே, ஒற்று என்று நீ சொல்வாயே. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் கறை கொஞ்சம் நின்றுவிட்டது, நீ பார்த்தால் திட்டுவாய். ஆனால் வீடு வந்துவிட்டது.

ஆபீஸில் எல்லாரும் சௌக்கியம். இனிமேல் கடிதங்களை அறை விலாசத்துக்கே அனுப்பு.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். மணிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. உன் வயிற்றைப் பற்றி நீ இந்த முறை ஒன்றும் எழுதவில்லை, கவனித்தேன்.

விசாரணை முடிந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நான் எழுந்து, பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். நடுவில் இருந்தவர், "அது சரிம்மா. நீங்க படத்துல இருக்கீங்களா? அதைச் சொல்லுங்க" என்றார். இந்த மூளைக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வேறு வைத்திருந்தார்கள்.

அளவு நாடாக்காரர் உன் படத்தை விரித்தார். மூன்று பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் கறை மோசம், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றியிருக்கிறாய், எத்தனை தடவை சொல்லியிருப்பேன் நடுவிலிருந்து வெளியே என்று. ஆனால் வீடு இருந்தது. நீலக் கதவு. கொடியில் ஐந்து துணி. வாசலில் இஸ்திரிப் பெட்டியோடு நான். முகம் இல்லாவிட்டாலும் நிற்கிற தோரணை நான்தான். எனக்குப் பக்கத்தில் தலையில் மூட்டையோடு ஒரு ஆள். பத்தடி பின்னால் இல்லை. தோளோடு தோளாக நிற்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அந்த மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள் என்பதில்தான் எனக்கு எரிச்சல்.

"வீடு இருக்கு" என்றார் நடுவில் இருந்தவர். "இருக்கு, இருக்கு" என்றார்கள் மற்ற இருவரும். அவ்வளவுதான், தீர்ப்பு. நாற்பத்தேழு வருஷம் நான் அங்கே இருந்ததற்கு மதிப்பில்லை. நீ ஒரு மத்தியானத்தில் கிறுக்கியதற்கு மதிப்பு. வீடு நிற்கிறது, சந்தோஷம்தான். அவர்களுக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

மூலப்படத்தில் கண்டவாறு பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு. அளவு நாடாக்காரர் நேற்றே சரிபார்க்க வந்துவிட்டார். நீலக் கதவு இருக்கிறதா, இருக்கிறது, ஒரு கோடு போட்டார். கொடியில் ஐந்துதான் இருக்க வேண்டும் என்றார். மழை வந்தால் ஒன்றுகூட இருக்காது, பரவாயில்லையா என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பெட்டியோடு பெண், இருக்கிறாள், ஒரு கோடு. அப்புறம் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை தூக்கற ஆளு ஒருத்தர் இருக்கணுமே. எங்கம்மா?"

உன் போன கடிதம் வெறும் வெள்ளை உறையில் வந்தது. எப்போதும் வரும் கம்பெனி உறை இல்லை. நீ ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, கண்டக்டரிடம்தான் கேட்டேன். ஆபீஸில் எல்லாரும் சௌக்கியம் என்று நீ எழுதியது நிஜம்தானாம். உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புது ஆளும் சௌக்கியமாம். படத்தை நாசம் செய்ததற்காக அன்று சாயங்காலமே அந்தப் படத்தையும் கையில் கொடுத்து உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த ஆபீஸுக்கு நீ ஒன்பது வருஷம் கட்டம் போட்டதே அதிகம்.

"வருவான்" என்று அளவு நாடாக்காரரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மறுபடி வந்து பார்ப்பாராம்.

பின்னறையில் கட்டிலைப் போட்டுவிட்டேன். உன் மாத்திரையை மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வாத்தியார் வீட்டு மூட்டை கட்டியபடி கிடக்கிறது, எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. ஆள் குறைகிறது என்று எழுதிக்கொண்டு போய்விடப் போகிறான் அந்த நாடாக்காரன். பதினொன்றில் ஏறு. கடைசி வரை வா.

அக்கா